வாடையில் வருவது பனியா, புகையா? சாட்டிலைட் படத்தை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மார்கழி பிறந்ததிலிருந்து நாலைந்து நாளாகக் கடலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் நிற்கிறதாம், காற்று வடகிழக்காம், பத்து மணி ஆனாலும் கலைவதில்லையாம், அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லையாம். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் வட இந்தியா முழுக்கச் சிவப்புப் புள்ளி அப்பிய சாட்டிலைட் படம் ஒன்று சுற்றுகிறது, "டெல்லிப் புகை ராமநாதபுரத்துக்கு வந்துவிட்டது" என்று. இது உண்மையா, நாமே சாட்டிலைட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி.

வடக்கேயிருந்து புகை நம் கரைக்கு வருவது உண்மை. வருடா வருடம் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் அவ்வப்போது நடப்பதுதான். ஆனால் அந்த வாட்ஸ்அப் படம் அதற்குச் சாட்சி ஆகாது. அதைப் பார்த்து இங்கே புகை வந்துவிட்டது என்று சொல்வது, உத்தரகோசமங்கையில் கல்யாணம் நடப்பதைப் பார்த்துவிட்டு நம் வீட்டில் சாப்பாடு தயார் என்று சொல்கிற மாதிரி. நான் பத்துப் பன்னிரண்டு வருடம் வெளியூரில் இந்தப் படங்களோடேயே மாரடித்துவிட்டு இப்போது மண்டபம் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சிவப்புப் புள்ளி. பெரும்பாலும் நாசாவின் ஃபிர்ம்ஸ் என்ற தளத்திலிருந்து எடுப்பது, நீங்களும் போனிலேயே திறந்து பார்க்கலாம், காசு கிடையாது. 1999 டிசம்பரில் ஏவிய டெரா, 2002இல் ஏவிய அக்வா, இந்த இரண்டிலும் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. 2011இல் போன சுவோமி என்பிபி, அதன் பின்னால் 2017இலும் 2022இலும் போன நோவா-20, நோவா-21 ஆகியவற்றில் இருப்பது வியர்ஸ். தீ எரிகிற இடம் 4 மைக்ரான் அலைநீளத்தில் சுற்றியுள்ள தரையைவிட மிகப் பளிச்சென்று தெரியும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இவை தீயைப் பிடிக்கின்றன. மோடிஸுக்குப் படத்தின் ஒரு கட்டம், அதாவது ஒரு பிக்ஸல், தரையில் 1 கிலோமீட்டர், வியர்ஸுக்கு 375 மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு மூலையில் தீ எரிந்தாலும் புள்ளியைக் கட்டத்தின் நடுவில்தான் வைக்கும். அதாவது புள்ளி விழுந்த இடத்தில் தேடிப் போனால் அங்கே ஒரு ஊருணிகூட இருக்கலாம், எரிந்தது பக்கத்துத் தோப்பாக இருக்கும்.

இன்னொன்று, வரைபடத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்கப் புள்ளி மட்டும் சிறிதாகாது. நாடு முழுவதையும் ஒரே திரையில் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தாலுகா அளவுக்கு வீங்கி நிற்கும், பார்க்கிறவனுக்குத் தேசமே எரிகிற மாதிரி இருக்கும். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியா முழுவதும் தீக்கங்காக ஒளிர்கிற படம் ஒன்று உலகம் பூரா சுற்றியது ஞாபகம் இருக்கும். அது போட்டோவே இல்லை. ஏறக்குறைய ஒரு மாதத் தீப்புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒளியையும் கூட்டி, ஒரு கலைஞர் வரைந்தது. அவர் அதை மறைக்கவில்லை, பகிர்ந்தவர்கள்தான் நாசா எடுத்த போட்டோ என்று அடித்துவிட்டார்கள்.

பஞ்சாப், ஹரியானா வைக்கோல் தாள் எரிப்பு அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும்தான் உச்சம். உங்களுக்கு வந்த படத்தில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மார்கழியில் சுற்றுகிற படம் ஐப்பசியில் எடுத்ததாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இதிலேயே இன்னொரு கோளாறும் இருக்கிறது. இந்தச் செயற்கைக்கோள்கள் ஓர் ஊரின் மேலே போகும் நேரம் ஏறக்குறைய நிலையானது. வியர்ஸ் கருவிகள் மதியம் ஒன்றரை வாக்கில், அப்புறம் ராத்திரி ஒரு முறை. டெராவும் அக்வாவும் பல வருடம் காலை பத்தரைக்கும் மதியம் ஒன்றரைக்கும் போய்க்கொண்டிருந்தன, வயதாகிவிட்டதால் இப்போது அந்த நேரத்திலிருந்து விலகிவிட்டன. மதியம் இரண்டு மணிக்கு மேல் தீ வைத்து ஆறு மணிக்குள் எரித்து முடித்துவிட்டால் பெரும்பாலும் கணக்கில் வராது. 2024இல் ஹிரென் ஜேத்வா என்ற நாசா விஞ்ஞானி இதைத்தான் கவனித்துச் சொன்னார். பஞ்சாபில் தீப்புள்ளிகள் குறைந்துகொண்டே வருகின்றன, வானத்தில் புகை மட்டும் குறையவில்லையே என்று ஒரே இடத்துக்கு மேலே நின்று நாள் பூரா படம் எடுக்கிற தென் கொரியச் செயற்கைக்கோளின் படங்களை எடுத்துப் பார்த்தால், சாயங்காலத்தில் புகை எழும்புவது தெரிந்தது. ஆக, புள்ளி அதிகம் என்றால் புகை அதிகம் என்றோ, புள்ளி இல்லை என்றால் புகை இல்லை என்றோ எடுத்துக்கொள்ள முடியாது.

புள்ளி இல்லாத புகைக்கு எதற்குப் பஞ்சாப் வரை போக வேண்டும், நம்மிடமே இருக்கிறது. சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சீமைக்கருவேலக் கட்டையை வெட்டி நெருக்கி அடுக்கி, மேலே தழையைப் போட்டு, அதற்கு மேலே மண்ணைப் பூசி மூடி, அடியில் ஒரு வாய் விட்டுத் தீ வைப்பார்கள். கரிமூட்டம். உள்ளே கனன்றுகொண்டே இருக்க வேண்டும், கொழுந்து விட்டு எரியக் கூடாது. எங்கேயாவது மண் வெடித்துக் காற்று உள்ளே போய்விட்டால் அத்தனை கட்டையும் சாம்பல்தான், அதனால் ராத்திரி பூரா ஒரு ஆள் டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகச் சுற்றி வந்து வெடிப்பு தெரிகிற இடத்தில் ஈரமண்ணை அப்பிக்கொண்டே இருப்பார். அந்தத் துளைகள் வழியாகக் கசிகிற மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை, தரையோடு தரையாகப் படர்ந்து, ஒரு வாரம் பத்து நாள் வரும். மேலே மண் மூடியிருப்பதால் வெளிச்சூடு குறைவு, 375 மீட்டர் கட்டத்தில் அது எங்கே தெரியப் போகிறது. பக்கத்து ஊர்க்காரனுக்குக் கண் எரியும், ஃபிர்ம்ஸில் பார்த்தால் சுத்தமான வெள்ளை வரைபடம். பங்குனி சித்திரையில் கருப்பட்டி காய்ச்சுகிற விடிலியில் பனை ஓலையும் மட்டையும் எரிக்கிற புகையும் அப்படித்தான், குப்பைக் கிடங்கு கனல்வதும் அப்படித்தான்.

சரி, தீயை விட்டுவிட்டுப் புகைக்கு வருவோம். புகையைப் பார்க்க வேறு வழி. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் அன்றைய தேதியின் இயல்பு நிறப் படத்தைத் திறங்கள். மேகம் என்றால் பளீர் வெள்ளை, திட்டுத் திட்டாக, ஓரம் தெளிவாக இருக்கும். வட இந்தியாவில் தரையை ஒட்டிப் படுக்கிற மூடுபனி வழவழவென்று, பால் ஊற்றியது மாதிரி, இமயமலை அடிவாரம் வரை போய் வெட்டி நிறுத்தியது போல் நிற்கும். புகைமூட்டத்துக்கு ஓரமே கிடையாது. சாம்பலும் பழுப்பும் கலந்து, கீழே இருக்கிற கரையும் தீவும் மங்கலாகத் தெரியும், அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. குளிர்காலத்தில் பல நாள் அந்த அழுக்குக் கண்ணாடி கங்கைச் சமவெளியில் தொடங்கி, வங்காளத்தின் வழியாகக் கடலுக்குள் இறங்கி, ஒடிசா, ஆந்திரக் கரையை ஒட்டித் தெற்கே நீண்டு கிடப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதை முதன்முதலில் பெரிய அளவில் அளந்து சொன்னதில் நம்மூர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, அமெரிக்கா போன வீ. ராமநாதன். 1999 ஜனவரியிலிருந்து மார்ச் வரை அவரும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் தலைமை வகித்து இண்டோயக்ஸ் என்ற ஆய்வை நடத்தினார்கள். கப்பல், விமானம், செயற்கைக்கோள், மாலத்தீவில் ஒரு நிலையம் என்று எல்லாவற்றையும் வைத்து அளந்ததில், வட இந்தியப் பெருங்கடலுக்கு மேலே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு மூட்டம் நிற்பது தெரிந்தது. விறகு, சாணி, நிலக்கரி, டீசல் எல்லாம் எரிந்த புகை, வடகிழக்குப் பருவக்காற்றில் ஏறி நிலநடுக்கோட்டுப் பக்கம் வரை போயிருக்கிறது. மாலத்தீவு வரைக்கும் போகிற புகை தேவிபட்டினத்தைத் தாண்டாமல் போகுமா?

தூரக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். கொல்கத்தாவிலிருந்து ராமேஸ்வரம் நேர்கோட்டில் சுமார் 1,750 கிலோமீட்டர். வாடை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் விடாமல் அடித்தால் மூன்று நாள். 2.5 மைக்ரானுக்குக் கீழே இருக்கிற நுண்துகள் மழை கழுவினால் ஒழிய ஒரு வாரம் வரை காற்றிலேயே மிதக்கக்கூடியது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு, அது எங்கே சட்டென்று கீழே விழப்போகிறது. ஆகவே "டெல்லிப் புகை" என்று ஒரே ஊரின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே வந்து சேரும்போது அதில் பீகார் அடுப்பும் இருக்கும், வங்காளத்துச் செங்கல் சூளையும் இருக்கும், ஒடிசாவின் அனல்மின் நிலையமும் இருக்கும், வருகிற வழியில் சென்னையும் தன் பங்கைப் போட்டிருக்கும்.

கண்ணெதிரே நடந்த சம்பவம் வேண்டுமென்றால் 2022 டிசம்பர். மாண்டஸ் புயல் தென்மேற்கு வங்கக்கடலில் சுழன்றுகொண்டிருந்த நேரம். புயல் நம் பக்கத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும், அதனால் அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கேயிருந்து தெற்கே இறங்கும். வடக்கில் தேங்கிக் கிடந்த அழுக்கை அப்படியே கிழக்குக் கரையோரமாக இழுத்துக்கொண்டு வந்து இலங்கை மேல் கொட்டியது. யாழ்ப்பாணம், கொழும்பு எல்லா இடத்திலும் காற்றின் தரம் மோசமாகி, 9ஆம் தேதி இலங்கை முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். இந்தியப் பக்கமிருந்து வந்த மாசு என்று அந்த நாட்டுத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனமே சொன்னது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் குளிரில் மாடுகள் செத்து விழுந்ததும் அப்போதுதான். அன்றைக்கு இந்தப் பக்கம் நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்? புயல் எங்கே கரை கடக்கும் என்பதுதான் பேச்சு. நெடுந்தீவுக்கு வந்த காற்று கச்சத்தீவைச் சுற்றிக்கொண்டு போயிருக்காது.

எங்கள் பக்கத்தில் வடகடலில் நாட்டுப்படகு ஓட்டுகிற சித்தப்பா ஒருவர் இருக்கிறார், எழுபதை நெருங்கிவிட்டார். ஒரு தை மாதம் காலையில் கரையில் நின்று கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தவரிடம் "என்ன சித்தப்பா, பனி இன்னும் கலையலையே" என்றேன். "பனியில்லடா இது. பனின்னா மீசையில ஈரம் நிக்கும், படகு பலகையில கைய வச்சா நனையும். இது தொண்டையில வந்து நிக்குது பாரு" என்றார். பலகையில் நானும் கையை வைத்துப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. இந்தச் சோதனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, அன்றிலிருந்து அதைத்தான் முதலில் செய்கிறேன். அவர் இன்னொன்றும் சொன்னார், முன்பெல்லாம் தனுஷ்கோடிக் கடலில் ராத்திரி வலை போட்டுக் கிடக்கும்போது தலைமன்னார்ப் பக்கத்து விளக்கு அநேகமாக எல்லா நாளும் தெரியுமாம், இப்போது வாடைக் காலத்தில் பல நாள் தெரிவதில்லையாம். எத்தனை நாள் என்று அவர் எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்திருந்தால் நான் அதை எந்த சாட்டிலைட் தரவைவிடவும் மதித்திருப்பேன்.

வாடை என்றால் நமக்கு வடகாற்று, நாற்றத்துக்கும் அதே சொல்தான். இரண்டும் சேர்ந்து வருகிற காலம் இது.

இப்போது சாட்டிலைட்டின் பலவீனத்துக்கு வருகிறேன். வேர்ல்ட்வியூவில் "ஏரோசால் ஆப்டிகல் டெப்த்" என்று ஓர் அடுக்கு இருக்கும். தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை உள்ள மொத்தத் துகளும் சேர்ந்து வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்கிற எண் அது. 0.1 என்றால் தெளிந்த வானம், 1 என்றால் சூரியனே மங்கும். கவனியுங்கள், மொத்தத் துகள். உங்கள் மூக்கு உயரத்தில் இருப்பது எவ்வளவு என்பதை அது சொல்லாது. கடலுக்கு மேலே ஒரு வேடிக்கை நடக்கும், அடியில் கடலை ஒட்டிய குளிர்ந்த காற்று ஓர் அடுக்காக இருக்கும், நிலத்திலிருந்து வருகிற சூடான அழுக்குக் காற்று அதன் மேலே ஏறிச் சறுக்கிக்கொண்டு போய்விடும். படத்தில் செக்கச்செவேல் என்று இருக்கும், கரையில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பங்குனி சித்திரையில் மியான்மர் காடுகள் எரிகிற புகை வங்கக்கடல் மேலே பரவி நிற்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், அந்த மாதங்களில் நமக்குத் தரையை ஒட்டி அடிப்பது சோழகம், தெற்கேயிருந்து வருகிற காற்று, அந்தப் புகை நம் தெருவுக்கு வராது.

எந்த உயரத்தில் புகை நிற்கிறது என்று பார்க்க லேசர் ஒளியைக் கீழே அனுப்பி அளக்கிற செயற்கைக்கோள் வேண்டும். 2006இலிருந்து 2023 வரை கலிப்ஸோ அதைச் செய்தது. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து எர்த்கேர் என்று ஒன்றை அனுப்பியிருக்கின்றன. ஆனால் இவை நூல் பிடித்த மாதிரி ஒரு கோட்டில் மட்டும்தான் அளக்கும், அந்தக் கோடு நம் ஊர் மேலே விழுகிற நாள் அபூர்வம்.

நம் கரைக்கென்றே சில தொல்லைகள் தனியாக இருக்கின்றன. கடல் இருட்டாக இருந்தால்தான் அதற்கு மேலே இருக்கிற துகளைப் பிரித்துப் பார்க்க முடியும். பாக் விரிகுடா ஆழமில்லாதது, வாடை அடித்தால் அடிச்சேறு கலங்கித் தண்ணீரே வெளுத்துவிடும், கணக்குப் போடுகிற முறை சேற்றைத் துகள் என்று ஏமாறும், அல்லது நமக்கேன் வம்பு என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும். கரையில் பார்த்தால் வெள்ளை மணலும் வாலிநோக்கம் உப்பளமும், அதுவும் கண்ணைக் கூசும். சூரிய ஒளி கடலில் பட்டு நேரே கருவிக்குள் திரும்புகிற பகுதியிலும் அளக்க முடியாது. இதெல்லாம் போதாது என்று ஐப்பசி முதல் மார்கழி வரை பாதி நாள் மேகம். எந்த நாளில் உங்களுக்குப் படம் அவசரமாகத் தேவையோ அந்த நாளில் அங்கே ஓட்டைதான் இருக்கும். நம்முடைய இன்சாட்-3டிஆரும் (2016) இன்சாட்-3டிஎஸ்ஸும் (2024) 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்று அரை மணிக்கொரு முறை எடுத்துக்கொண்டே இருப்பதால், மேகத்தின் இடைவெளியில் மூட்டம் நகர்வதைப் பார்க்க அவற்றின் படம் உதவும், நுணுக்கம் குறைவுதான்.

அப்புறம் கடல் உப்பு. காற்று பலமாக அடித்து அலை நுரைத்தால் உப்புத் துகள் கிளம்பி வெண்மையாக மூட்டம் போடும், அதுவும் படத்தில் "துகள்" தான். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம், பைக் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பு என்றால் உப்பு.

வாயுக்களைப் பார்ப்பதில் சாட்டிலைட் கெட்டிக்காரத்தனமானது. 2017 அக்டோபரில் ஐரோப்பியர்கள் அனுப்பிய சென்டினல்-5பியில் ட்ரோபோமி என்ற கருவி நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு போன்றவற்றைத் தனித்தனியாக அளக்கிறது. நெய்வேலியும் தூத்துக்குடியும் அனல்மின் நிலையங்களால் அதில் புள்ளியாகத் தெரியும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. பாக் நீரிணைக்குள் பெரிய கப்பல் வர முடியாது, எல்லாம் இலங்கையின் தென்முனையைச் சுற்றித்தான் மலாக்கா பக்கம் போகும். அந்தக் கப்பல் பாதை நைட்ரஜன் டை ஆக்சைடு படத்தில் கடல் நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடாகத் தெரியும், 2004இலேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் பழைய கருவி ஒன்றின் பல வருடத் தரவைச் சேர்த்து அதைக் காட்டிவிட்டார்கள். சேதுசமுத்திரக் கால்வாய் முடிந்திருந்தால் அதில் ஒரு கிளை நம் வாசலில் ஓடியிருக்கும் என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். இது உங்கள் கேள்வியில் இல்லை, விடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு உங்களுக்கு உதவும். எரிகிற எதிலிருந்தும் அது வரும், உப்பிலிருந்தும் பனியிலிருந்தும் வராது, பல வாரம் காற்றில் தங்கும். துகள் படத்திலும் கார்பன் மோனாக்சைடு படத்திலும் ஒரே வடிவத்தில் ஒரு நாக்கு வங்காளத்திலிருந்து நம் பக்கம் நீண்டிருந்தால் அது புகைதான்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதே குழியில் விழ வேண்டாம். ஊருக்கு வந்த புதிதில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்னத் துகள் சென்சார் வாங்கி மொட்டைமாடியில் மாட்டினேன். மாசி மாதம், ஒரு வாரம் விடாமல் தினமும் நுண்துகள் 140, 150 வரை ஏறியது. இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கு அரசு வைத்திருக்கிற வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 15 என்கிறது. நான் உடனே வடநாட்டுப் புகை வந்துவிட்டது என்று தெருவெல்லாம் பிரசங்கம் செய்தேன். எதிர்வீட்டு அக்கா பிள்ளைகளை வெளியே விடுவதையே நிறுத்திவிட்டார். எட்டாம் நாள்தான் மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தேன். ராத்திரி ஒன்பதுக்கு ஏற ஆரம்பித்து, விடிகாலை ஐந்துக்கு உச்சம், காலை பத்துக்கு மேல் 30க்கு வந்துவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிற புகைக்கு எங்கள் தெரு மணிக்கூண்டு எப்படித் தெரியும்? ராத்திரி நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிசாகக் காற்று போகும்போது மேற்கே யாரோ போட்டிருந்த கரிமூட்டத்துப் புகை வந்திருக்கிறது, பகலில் கடற்காற்று கிளம்பியதும் அதைத் திருப்பித் தள்ளியிருக்கிறது. போதாக்குறைக்கு இந்த மலிவு சென்சாருக்கு ஈரம் ஆகாது, காற்றில் ஈரப்பதம் 80ஐத் தாண்டினால் ஊறிப் பருத்த துகளையெல்லாம் பெரிதாக எண்ணிக் கூட்டிச் சொல்லும். நம் கரையில் விடிகாலை எந்த நாள் 80க்குக் கீழே இருந்திருக்கிறது? அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், "அதான் எனக்கு அன்னைக்கே கரி நாத்தம் அடிச்சுதே" என்றார்.

அதனால் தம்பி, உங்கள் கேள்விக்கு இப்படித்தான் பதில் தேட வேண்டும். உங்கள் ஊருக்குக் கடல் கிழக்கே. மூட்டம் கடலுக்கு மேலே நிற்கிறது, காற்று வடகிழக்கு என்கிறீர்கள். கடலுக்குள் கரிமூட்டம் போடுகிறவர் யாரும் இல்லை, ஆகவே காற்று ராப்பகலாகக் கடல் பக்கமிருந்தே வருகிறது என்றால் உள்ளூர்ப் புகையைப் பெரும்பாலும் கழித்துவிடலாம். காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிற விண்டி செயலியில் தரைக் காற்றை மட்டும் பார்க்காமல் 925, 850 ஹெக்டோபாஸ்கல் உயரத்துக் காற்றையும் பாருங்கள், அது முக்கால் கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் உயரம், நெடுந்தூரப் புகை பயணம் செய்கிற உயரம். அது மூன்று நாளாக வங்காளப் பக்கமிருந்து வருகிறதா, அல்லது வெறும் கடலிலேயே சுற்றி வருகிறதா? அந்தமான் பக்கமிருந்து கடலிலேயே சுற்றி வருகிற காற்று என்றால் சுத்தமாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம்விட எளிதான வழி, ராமநாதபுரம் டவுனில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டு நிலையம் காட்டுகிற எண்ணையும் யாழ்ப்பாணத்து எண்ணையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து எண் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லா இடத்திலும் ஒன்றாக ஏறி, பகல் இரவு என்று பாராமல் மூன்று நாலு நாள் அப்படியே நின்று, ஒரு நல்ல மழைக்குப் பிறகு சட்டென்று இறங்கினால் அது தூரத்துப் புகை. நம் ஊரில் மட்டும் ஏறி, மணிக்கு மணி ஆடினால் பக்கத்தில் எங்கோ எரிகிறது. கமுதியில் இருக்கிற 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் வேலை பார்க்கிற பையன் ஒருவனிடம் பேசியபோது, மேகமே இல்லாத சில மார்கழி நாளில் உற்பத்தி மந்தமாக இருக்கும் என்றான். மூட்டம் வெயிலையும் தின்னும், அது நியாயம்தான்.

அம்மாவுக்கு: தூரத்துப் புகையோ பக்கத்துப் புகையோ நுரையீரலுக்கு எல்லாம் ஒன்றுதான். ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டால் நுண்துகள் நிற்காது, மூக்கோடு பொருந்துகிற என்95 மாஸ்க்தான் நிறுத்தும். காலையில் வாசல் தெளிக்கிற வேலையைக் கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விறகடுப்பு இருந்தால் இந்த நாட்களில் வேண்டாம், வீட்டுக்குள் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், ஒரு சுருள் எரிகிற மூடிய அறையில் இருப்பதற்கு வெளியே இருப்பதே மேல். நாலைந்து நாள் இருமல் என்கிறீர்கள், மூச்சு வாங்குகிறது என்றால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இன்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தடவை, விடிகாலை ஐந்துக்கு ஒரு தடவை மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள், கைப்பிடிச் சுவரைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், கரி நாற்றம் அடிக்கிறதா என்றும். அந்த மூன்றையும், வாட்ஸ்அப் படத்தில் இருக்கிற தேதியையும் எழுதி அனுப்புங்கள். அதே இரண்டு நாளின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு நான் உட்காருகிறேன்.